கோடையில் பனிமலை ஏறுவது: தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போதுதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இமயமலை ஞாபகம் வருகிறது. கல்லூரிக்கு லீவு, ஓசூர் கம்பெனிகளில் சேர்த்து வைத்த விடுப்பு, பெங்களூரிலிருந்து கையெட்டும் தூரத்தில் விமானம் என்று எல்லாம் மே, ஜூனில் கூடி வரும். கோடையில் பனி குறைவாகத்தான் இருக்கும், குளிரும் தாங்கும், அதனால் புதியவர்களுக்கு ஏற்ற காலம் இதுதான் என்ற எண்ணமும் கூடவே கிளம்பும். பாதிதான் உண்மை. உயர்மலையில் கோடைக்கால விபத்துகளில் பலவற்றுக்குக் காரணம் வெயில். இரவில் பனி இறுகிக் கல்லையும் சரிவையும் பிடித்து வைத்திருக்கும். பகல் ஏற ஏற அந்தப் பிடி தளரும். அதிகாலை நாலு மணிக்குப் பத்திரமாக இருந்த சரிவு பதினோரு மணிக்கு ஆளைக் கொல்லும் இடமாகிவிடும். இந்தக் கட்டுரையில் உள்ள பெரும்பாலான விதிகள் இதிலிருந்து பிறந்தவை.

எந்த மாதம், எந்த மலை

மணாலி, உத்தரகாசி பக்கம் போவதானால் மே நடுவிலிருந்து ஜூன் மூன்றாம் வாரம் வரை. ஜூன் கடைசியில் அங்கே பருவமழை எட்டிவிடும். மண் சரியும், சாலை அடைபடும், ஓடைகள் பெருகும். ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும் என்றால் மழை மறைவுப் பகுதியான லடாக், ஸ்பிதி பக்கம் பாருங்கள். மழை ஓய்ந்த செப்டம்பரில் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் பனியாறுகளில் (மலையில் மெல்ல நகரும் பெரிய பனிக்கட்டித் திரள்களில்) மேற்பனி உருகிப் பிளவுகள் வாய் திறந்து கிடக்கும்.

முதல் முயற்சியே 6,000 மீட்டர் வேண்டாம். ஹம்ப்டா கணவாய் (சுமார் 4,270 மீட்டர்) போன்ற நடைப் பயணம் ஒன்றை முடித்து, உங்கள் உடம்பு உயரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்த பிறகு கயிறும் கிராம்பானும் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்) வேண்டிய உச்சிகளுக்குப் போங்கள். மணாலிக்கு மேலே இருக்கும் ஃப்ரெண்ட்ஷிப் பீக் (5,289 மீட்டர்) ‘புதியவர்களுக்கான உச்சி’ என்று விற்கப்படுகிறது. அங்கும் பனிப்பிளவுகள் உண்டு, பனிச்சரிவு வரும் சரிவுகளும் உண்டு. முறையாகக் கற்க விரும்பினால் டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனம், உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம், மணாலியில் உள்ள அடல் பிஹாரி வாஜ்பாய் நிறுவனம் ஆகியவை ஏறத்தாழ நாலு வாரத்துக்கு அடிப்படைப் பயிற்சி தருகின்றன. மூன்றும் அரசு சார்ந்தவை. ஒரு மாதம் ஒதுக்க முடிகிறவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

ஊரிலேயே செய்ய வேண்டிய பயிற்சி

குறைந்தது 12 வாரம் வேண்டும். வாரத்தில் மூன்று நாள் ஓட்டமோ வேக நடையோ, ஒரு நாள் சுமையோடு ஏற்றம். முடிவில் 5 கிலோமீட்டரை 35 நிமிடத்துக்குள் மூச்சுத் திணறாமல் ஓட முடிய வேண்டும். ஏற்றத்துக்குக் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையும் ராயக்கோட்டை மலையும் நல்ல இடங்கள். தர்மபுரிக்காரர்களுக்கு வத்தல்மலைச் சாலையும், அரூர் பக்கத்தவர்களுக்குத் தீர்த்தமலைப் படிகளும் இருக்கின்றன. விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்துவிடுங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளுக்குள் பயிற்சிக்காகப் போகாதீர்கள். அது யானைகள் நடமாடும் இடம், வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவும் கூடாது.

பையில் ஐந்து லிட்டர் தண்ணீரில் தொடங்கி, எட்டாவது வாரத்தில் பத்து லிட்டருக்கு வாருங்கள். மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கினால் முழங்கால் தப்பும். கடைசி மூன்று வாரம் மட்டும் சுமையோடு இறங்கிப் பழகுங்கள், ஏனென்றால் மலையில் கால் தளர்ந்து விழுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். புது பூட்ஸை இந்தப் பயிற்சியிலேயே போட்டுத் தேய்த்துவிட வேண்டும்.

இத்தனையும் தசைக்கும் நுரையீரலுக்கும்தான். நம் இரண்டு மாவட்டங்களிலும் எந்த மலை ஏறினாலும் 1,500 மீட்டரைத் தாண்ட முடியாது. உயரம் பழகுவதை இங்கே செய்யவே முடியாது.

உயரம் பழகுதல்: அவசரப்படக் கூடாத ஒரே வேலை

5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் பாதிதான். இதை உடம்பு ஈடுசெய்யச் சில நாட்கள் ஆகும், நல்ல ஓட்டக்காரருக்கும் அதே நாட்கள்தான். வேகமாக ஏற முடிவதால் இளைஞர்கள் முதலில் மாட்டிக்கொள்வதும் உண்டு.

பின்பற்ற வேண்டிய கணக்கு இது. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்குங்கள். பகலில் இதைவிட உயரம் ஏறிவிட்டு இறங்கித் தூங்கலாம், அது நல்லதும்கூட. ஓசூரில் 900 மீட்டர் உயரத்தில் தூங்கி எழுந்து விமானத்தில் லேவுக்குப் போனால், அன்று இரவே 3,500 மீட்டரில் படுக்கிறீர்கள். அப்படிப் போகிறவர்கள் முதல் இரண்டு நாள் விடுதியை விட்டுப் பெரிதாக நகரக் கூடாது. டெல்லி வரை ரயிலில் போய் அங்கிருந்து பஸ்ஸில் மணாலிக்குப் போகிறவருக்கு (சுமார் 2,050 மீட்டர்) இந்தச் சிக்கல் குறைவு. இரண்டு நாள் கூடுதலாக ஆனாலும் புதியவர்களுக்கு அதையே சொல்வோம்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, களைப்பு, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அதை மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பஸ் பயணக் களைப்பு’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அறிகுறி இருக்கும்வரை மேலே போகக் கூடாது. 24 மணி நேரத்தில் தணியாவிட்டால் இறங்க வேண்டும். கீழே உள்ள இரண்டும் வந்தால் காத்திருக்கவே கூடாது, நள்ளிரவானாலும் இறக்க வேண்டும்.

ஒன்று, நுரையீரலில் நீர் கோப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். வறட்டு இருமல் தொடங்கிப் பிறகு நுரையாகச் சளி வரும், உதடு நீலம் பாரிக்கும். இரண்டு, மூளை வீக்கம். பேச்சு குழறும், நடை தள்ளாடும், கூப்பிட்டால் எரிந்து விழுவார் அல்லது பதிலே சொல்ல மாட்டார். சந்தேகம் வந்தால், ஒரு காலின் குதிகாலை மற்ற காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் முடிவாகிவிட்டது. குறைந்தது 500 முதல் 1,000 மீட்டர் கீழே இறக்க வேண்டும், கூட ஓர் ஆள் போக வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நல்ல எண்ணைக் காட்டுகிறது என்று இந்த அறிகுறிகளை ஒதுக்கிவிடாதீர்கள். குளிர்ந்த விரலில் அந்தக் கருவி தப்பாகவும் காட்டும்.

அசெட்டஸோலமைடு மாத்திரையைத் தடுப்புக்காக 125 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து எடுப்பது வழக்கம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. கிளம்பும் முன்பே ஊரில் ஒரு மருத்துவரிடம் கேட்டு, ஒரு வேளை போட்டுப் பார்த்துவிடுங்கள். விரல்நுனி மரத்துப்போவது போலிருக்கும், சிறுநீர் அதிகம் போகும், இரண்டும் இயல்பு. தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை மட்டுப்படுத்துபவை. உயரத்தில் தொடாதீர்கள்.

பனி எப்போது தாங்கும், எப்போது தாங்காது

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். மணாலியில் மதியம் 24 டிகிரி என்றால் 5,000 மீட்டரில் ஏறத்தாழ 5 டிகிரி. அதாவது உச்சியிலேயே பனி உருகிக்கொண்டிருக்கிறது. இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானுக்கு விட்டு நன்றாக இறுகிவிடும். மேகம் மூடியிருந்தால் அந்த வெப்பம் வெளியேறாது, பனி இறுகாது. காற்று குளிராக இருக்கும், நமக்கும் நடுங்கும், ஆனால் காலடியில் பனி சொதசொதவென்றே கிடக்கும். புதியவர்கள் ஏமாறும் இடம் இது. வானிலைக் கணிப்பில் உறைநிலை (காற்றின் வெப்பம் 0 டிகிரியாகும் மட்டம்) எந்த உயரத்தில் என்று போட்டிருப்பார்கள். இரவில் அது உங்கள் முகாமுக்கும் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். உச்சிக்கு மேலே நின்றால், அதோடு மேகமும் இருந்தால், அன்று கிளம்ப வேண்டாம்.

இந்த அளவு எவ்வளவு மேலே போய்விட முடியும் என்பதற்கு ஐரோப்பாவைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்துக்கு மேலே உறைநிலை 5,298 மீட்டருக்குப் போனது. ஆல்ப்ஸின் மிக உயர்ந்த மோன் பிளாங்கே சுமார் 4,800 மீட்டர்தான். அதற்கு முந்தின ஆண்டு, 2022 ஜூலை 3 அன்று, இத்தாலியின் மார்மொலாடா மலையில் கடும் வெப்பத்துக்குப் பிறகு பனியாற்றின் ஒரு துண்டு உடைந்து சரிந்து 11 பேர் இறந்தார்கள். அது நடந்தது பிற்பகலில்.

முகாமை விட்டுக் கிளம்பியதும் பனியைச் சோதியுங்கள். பூட்ஸ் தடம் மட்டும் பதிந்து எடையைத் தாங்கினால் நல்லது. ஐஸ் ஆக்ஸின் (பனிக்கோடரியின்) தண்டைச் செங்குத்தாகக் குத்திப் பாருங்கள். மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஓடு மட்டும் இறுகி, அதற்கடியில் தண்டு தடையில்லாமல் இறங்கினால் இறுக்கம் போதாது. சூரியன் பட்ட ஒரு மணி நேரத்தில் அந்த ஓடு போய்விடும். கணுக்கால் வரை புதையத் தொடங்கினால் திரும்பும் நேரம் நெருங்கிவிட்டது. கெண்டைக்கால் வரை புதைந்தால் நேரம் கடந்துவிட்டது. சரிவில் சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தாமாகவே உருண்டு, பின்னால் கோடு விட்டுக்கொண்டு இறங்குவதைப் பார்த்தால், அந்தச் சரிவு ஈரமாகி அவிழத் தொடங்கிவிட்டது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிச்சரிவு அதிகம். மே மாதத்திலும் அங்கே புதுப்பனி கொட்டும். நல்ல பனிப்பொழிவுக்குப் பிறகு குறைந்தது 24 மணி நேரம், அதிகம் விழுந்திருந்தால் 48 மணி நேரம் செங்குத்துச் சரிவுகளுக்குப் போகாதீர்கள்.

இப்போது நேரக் கணக்கைப் போடலாம். மேல்முகாம் 4,200 மீட்டரில், உச்சி 5,200 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் புதியவர் மணிக்கு 150 மீட்டர் ஏறினாலே நல்ல வேகம். 1,000 மீட்டருக்கு ஆறரை முதல் ஏழு மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்கு உச்சியில் இருக்க வேண்டுமென்றால் இரவு ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டும். பதினொன்றரைக்கே எழுந்தால்தான் தண்ணீர் காய்ச்சி, குடித்து, ஹார்னஸ் (கயிறு கட்டும் இடுப்புப் பட்டை) மாட்டி முடியும். திரும்பும் நேரம் எட்டரை என்று முந்தின மாலையே எல்லோர் முன்னிலும் சொல்லிவிடுங்கள். எட்டரைக்கு உச்சி கண்முன்னே நூறு மீட்டரில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். அந்த நூறு மீட்டருக்குப் போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், அந்த ஒரு மணி நேரம் இறங்கும் வழியில் பனி கெட்டியாக இருக்கும் நேரத்திலிருந்து கழிகிறது. பத்தரைக்குள் செங்குத்துப் பனியை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

கிராம்பான் வாடகைக்கு எடுக்கும்போது, உங்கள் பூட்ஸைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். மாட்டிய பின் பூட்ஸைத் தூக்கி உதறினாலும் கழன்று விழக் கூடாது. அடியில் பனி ஒட்டாமல் தடுக்கும் ரப்பர் தகடு இருக்கிறதா என்று கேளுங்கள். வெயில் ஏறிய ஈரப்பனி கிராம்பான் பற்களுக்கிடையே கட்டியாகச் சேர்ந்துகொண்டால், பற்கள் பனியைத் தொடவே தொடாது. இறக்கத்தில் சறுக்கி விழுவதற்கு இது பெரிய காரணம். சில அடிக்கொருமுறை ஆக்ஸின் தண்டால் பூட்ஸின் பக்கவாட்டில் தட்டி உதிருங்கள். விழுந்தால் ஆக்ஸை மார்போடு அணைத்து அதன் கூர்மையான அலகைப் பனியில் அழுத்தி நிறுத்தும் பயிற்சியை, கீழே பாறையில்லாத, சமதளத்தில் முடியும் சரிவில் முப்பது நாற்பது முறையாவது செய்துவிட்டு மேலே போங்கள். தலைகீழாகவும் மல்லாக்காகவும் விழுந்து பழக வேண்டும். உட்கார்ந்தபடி சறுக்கி இறங்குவதானால் முதலில் கிராம்பானைக் கழற்றுங்கள். கழற்றாமல் சறுக்கினால் பல் பனியில் மாட்டிக் கணுக்கால் முறியும்.

பனியாறும் கயிறும்

மே, ஜூனில் பனிப்பிளவுகள் மேற்பனியால் மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. லேசாகக் குழிந்து நீளும் கோடு, சுற்றிலும் இருப்பதைவிடச் சற்றே மங்கிய நிறம், இவைதான் அடையாளம். பனியாற்றில் கயிறு கட்டாமல் ஓர் அடியும் வைக்காதீர்கள். ஒரு கயிற்றில் மூன்று அல்லது நாலு பேர், இருவருக்கிடையே 10 முதல் 12 மீட்டர். கயிறு விறைப்பாகவும் வேண்டாம், தொய்ந்து தரையில் குவியவும் வேண்டாம், நடுவில் பனியை லேசாகத் தொட்டால் போதும். கையில் சுருள் பிடித்து நடக்கும் பழக்கம் கூடாது. முன்னே போகிறவர் பிளவில் விழுந்தால் அந்தச் சுருளின் நீளம் முழுக்க அவர் கூடுதலாக விழுவார், உங்களையும் இழுப்பார். பிளவைக் குறுக்கே, செங்கோணமாகக் கடக்க வேண்டும். பிளவின் போக்கிலேயே நடந்தால் மொத்தக் குழுவும் ஒரே நேரத்தில் அதன் மேல் நிற்கும். பிளவை மூடி நிற்கும் பனிப்பாலம் காலையில் தாங்கியது என்பதால் திரும்பி வரும்போது தாங்கும் என்று நம்பாதீர்கள். குத்திப் பார்த்து, ஒவ்வொருவராகக் கடங்கள்.

கல், ஓடை, இடி

பாறை இடுக்குகளில் இரவில் நீர் உறைந்து கற்களைப் பிடித்திருக்கும். சூரியன் பட்டதும் விடும். கிழக்கு பார்த்த முகங்களில் இது விடிந்த உடனேயே தொடங்கும், மேற்கு முகங்களில் மதியத்துக்கு மேல். பனியின் மேல் புதிய கற்களும் அவை உருண்ட தடமும் கிடந்தால் அது கல் விழும் பாதை. அங்கே நின்று தண்ணீர் குடிக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள், ஒருவர் பின் ஒருவராக வேகமாகக் கடந்துவிடுங்கள். ஹெல்மெட்டை முகாமிலேயே மாட்டி, முகாமில்தான் கழற்ற வேண்டும். யார் காலில் கல் தவறினாலும் உடனே கத்த வேண்டும். சத்தம் கேட்டவர் நிமிர்ந்து பார்க்கக் கூடாது, சரிவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பனியாற்று ஓடைகள் பகலில் பெருகி, மாலையில் உச்சத்துக்கு வந்து, விடிகாலையில் வடியும். கடப்பதென்றால் காலை ஐந்திலிருந்து எட்டுக்குள். தண்ணீர் சுண்ணாம்புக் கலங்கலாக இருக்கும், அடி தெரியாது. அகன்று பல கிளைகளாகப் பிரியும் இடத்தைத் தேடுங்கள். குறுகிய இடம் ஆழமானது. பையின் இடுப்பு, மார்புப் பட்டைகளைக் கழற்றிவிட்டு, பூட்ஸோடு, நீரோட்டத்தைப் பார்த்து நின்று, குச்சியை ஊன்றிப் பக்கவாட்டில் நகருங்கள். முழங்காலுக்கு மேல் வந்தாலோ அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டாலோ, அன்றைக்குக் கடக்க வேண்டாம். மறுநாள் காலை வரை காத்திருங்கள்.

நம் ஊர்க் கோடை மழையைப் போலவே அங்கும் மேகம் காலை பத்துக்குமேல் திரண்டு பிற்பகலில் இடிக்கும். பன்னிரண்டுக்குள் முகட்டை விட்டு இறங்கியிருக்க வேண்டும். முடி சிலிர்த்தாலோ ஆக்ஸ் ரீங்கரித்தாலோ அந்த நொடியே இறங்குங்கள். இறங்க வழியில்லாவிட்டால் ஒருவருக்கொருவர் 15 மீட்டராவது விலகி, கால்களைச் சேர்த்துப் பையின் மேல் குந்துங்கள். தனிப்பாறையின் அடியும் குகை வாயும் பாதுகாப்பு தராது.

வெயிலும் குளிரும் ஒரே நாளில்

உயரம் 1,000 மீட்டருக்கு 10 சதவீத அளவில் புற ஊதாக் கதிர் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கருத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்பது தவறு. தாடையின் அடி, மூக்குத் துளையின் உட்புறம், காது மடல் எல்லாவற்றிலும் எஸ்பிஎஃப் 50 களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள். கண்ணாடி மிகக் கருத்த வகையான ‘கேட்டகரி 4’ ஆக, பக்கவாட்டு மறைப்போடு இருக்க வேண்டும். தெருவோரக் கறுப்புக் கண்ணாடி போடுவது கண்ணாடியே போடாததைவிட மோசம், ஏனென்றால் இருட்டில் கண்மணி விரிந்து கதிரை இன்னும் உள்ளே விடும். பனிக்குருடு உடனே தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் போட்டது போல உறுத்தும், திறக்கவே முடியாது. மேகமூட்டத்திலும் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

குளிர் பற்றி ஒன்று. தளியில் மார்கழிக் குளிரைத் தாங்கியவர்கள்கூட ஈரமும் காற்றும் சேர்ந்த குளிரைப் பார்த்திருக்க மாட்டார்கள். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் நடைப் பயணத்தில் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து போனவர்களும் உள்ளூர் வழிகாட்டிகளும் கொண்ட 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்தார்கள். நல்ல கோடை மாதம், கயிறு கட்டி ஏறும் உச்சியும் அல்ல. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். தெர்மல் உள்ளாடை, பிளீஸ் மேலாடை, இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும், கையுறை இரண்டு ஜோடி, ஒரு மாற்று சாக்ஸ். இவை சுமைக்காரரிடமோ கோவேறு கழுதையிலோ போகக் கூடாது, உங்கள் முதுகில் இருக்க வேண்டும். ஒருவர் நடுங்கி, பேச்சு தடுமாறி, பொத்தான் போட முடியாமல் விரல் திணறினால், அங்கேயே காற்று மறைவில் நிறுத்தி ஈரத்தை மாற்றி, இனிப்பான சூடான பானம் கொடுங்கள்.

4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. பசியும் எடுக்காது. வறுத்த ராகி மாவோடு நாட்டுச்சர்க்கரை கலந்து கொண்டுபோனால் சுடுநீரில் கரைத்துக் குடிக்கலாம். கடலை மிட்டாயை ஊரிலேயே சின்னத் துண்டுகளாக உடைத்து வையுங்கள், குளிரில் கல்லாகிவிடும். தினம் மூன்று நாலு லிட்டர் குடியுங்கள். இரவு நடையில் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் மூடிப்பக்கம் உறையாது.

ஆளும் காகிதமும்

மலைப் பயணத்தை ஏற்பாடு செய்யும் நடத்துநரிடம் நாலு கேள்வி கேளுங்கள். வழிகாட்டிக்கு எந்த நிறுவனத்தில் என்ன பயிற்சி? கயிற்றுக்கு ஒரு வழிகாட்டி வருகிறாரா? ஆக்ஸிஜன் சிலிண்டர் எந்த முகாம் வரை வரும்? உச்சி நாள் தவறினால் மாற்று நாள் உண்டா? மாற்று நாளே இல்லாத திட்டத்தில், வானிலை கெட்டாலும் மேலே போகச் சொல்லும் நெருக்கடி இருக்கும். அப்படிப்பட்ட குழுவில் சேர வேண்டாம். உச்சிக்கான அனுமதி நகலை வாங்கிப் பாருங்கள். காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை, கயிறு கட்டி ஏறுவதும் சேர்த்தியா, ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்ற மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். பெங்களூர் நண்பர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சாட்டிலைட் போனையோ செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியையோ வாங்கிப் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபடுவீர்கள்.

வீட்டில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: மலையின் பெயர், கடைசிச் சாலை முனை, நடத்துநரின் எண், முகாம்களின் வரிசை, இரத்த வகை, கைபேசித் தொடர்பு கிடைக்கும் கடைசி இடம், இறங்கி வந்து பேசப்போகும் நாள். அந்த நாளுக்கு அடுத்த நாள் மாலை வரை பேச்சில்லாவிட்டால் முதலில் நடத்துநரையும், அவர் கிடைக்காவிட்டால் அந்த மாவட்டத்தின் பேரிடர் கட்டுப்பாட்டு அறையையும் கூப்பிடச் சொல்லுங்கள். 112-ஐ இங்கிருந்து அழைத்தால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். அதனால் அங்குள்ள அறையின் எண்ணைக் கிளம்பும் முன்பே தேடி அதே தாளில் எழுதிவிடுங்கள்.